பிறவி நோய் என்றால் பரம்பரை நோயா?

பிறந்து இரண்டு நாளான குழந்தைக்கு எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு, "இதயத்தில் சிறு ஓட்டை இருக்கிறது, கன்ஜெனிட்டல்தான்" என்று மருத்துவர் சொல்கிறார். பிறவியிலேயே வந்தது என்று செவிலியர் அதைத் தமிழில் எடுத்துச் சொல்கிறார். வார்டுக்கு வெளியே நிற்கும் உறவினர்களை எட்டுவதற்குள் அந்தச் சொல் கேள்விகளாக மாறிவிடுகிறது. "உங்க பக்கத்துல யாருக்காவது இப்படி இருந்துச்சா?" "கிரகணத்தன்னிக்கு வெளியில போனியா?" "மாசமா இருக்கும்போது என்ன மாத்திரை போட்ட?" கேள்விகள் பல. ஆனால் அத்தனையும் ஒருவரை நோக்கியே வருகின்றன. பிரசவ வலி ஆறாமல் படுத்திருக்கும் தாயை நோக்கி.

மருத்துவர் சொன்னது இவற்றில் எதையும் அல்ல. 'கன்ஜெனிட்டல்' என்ற மருத்துவச் சொல்லுக்கு, பிறக்கும்போதே இருந்தது என்பது மட்டுமே பொருள். அது காலத்தைக் குறிக்கும் சொல். ஏன் வந்தது, யாரிடமிருந்து வந்தது, தீருமா தீராதா என்ற மூன்று கேள்விகளுக்கும் அதில் பதில் இல்லை. இந்த மூன்றையும் நாமாக அந்தச் சொல்லில் ஏற்றிக்கொள்கிறோம். அதனால் குடும்பங்கள் உடைகின்றன; கிடைத்திருக்க வேண்டிய சிகிச்சை தள்ளிப்போகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, உலகில் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 6 சதவீதம் ஏதோ ஒரு பிறவிக் குறைபாட்டுடன் பிறக்கின்றன. உதட்டுப் பிளவு, வளைபாதம், இதய ஓட்டை போன்ற உடலமைப்புக் குறைகளும் இதில் சேரும். தைராய்டு சுரக்காமை, காது கேளாமை போன்ற செயல்பாட்டுக் குறைகளும் சேரும். கருப்பையில் இருக்கும்போதே தாயிடமிருந்து தொற்றிய நோய்களும் சேரும். காரணத்தாலும் கடுமையாலும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இவற்றையெல்லாம் ஒரே பெயரின் கீழ் கொண்டுவருவது, பிறப்புக்கு முன்பே தொடங்கியவை என்ற ஒரே ஒற்றுமைதான்.

எப்போது வேறு, ஏன் வேறு

பரம்பரை நோய் என்பது பெற்றோரின் மரபணு வழியாக வருவது. பிறவி நோய் என்பது பிறக்கும்போதே இருப்பது. இவை இரண்டும் சில இடங்களில் ஒன்றின்மேல் ஒன்று படியும். பல இடங்களில் படியாது.

ஹண்டிங்டன் நோயை எடுத்துக்கொள்வோம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்புள்ள முழுமையான பரம்பரை நோய் இது. ஆனால் பாதிக்கப்பட்டவர் ஆரோக்கியமாகப் பிறந்து, படித்து, வேலைக்குப் போன பிறகு, பெரும்பாலும் 30 வயதுக்கு மேல்தான் அவருடைய கைகால்கள் கட்டுப்பாடில்லாமல் அசையத் தொடங்கும். இதைப் பிறவி நோய் என்று யாரும் சொல்வதில்லை.

டவுன் சிண்ட்ரோம் இதற்கு நேரெதிர். 1959இல் பிரான்ஸில் ழெரோம் லெழேனும் அவருடைய சக ஆய்வாளர்களும், இந்தக் குறையோடு பிறக்கும் குழந்தைகளின் செல்களில் 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதை வெளியிட்டார்கள். குரோமோசோமில் உள்ள மாற்றம் என்றதும் இதைப் பரம்பரை என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் சுமார் 95 சதவீத நேர்வுகளில், முட்டையோ விந்தணுவோ உருவாகும்போது குரோமோசோம்கள் சரியாகப் பிரியாததால் தற்செயலாக நேர்வது இது. தாய்க்கும் தந்தைக்கும் குரோமோசோம்கள் இயல்பாகவே இருக்கும். மரபுப் பொருளில் மாற்றம் உண்டு, பிறவியிலேயே உண்டு, ஆனாலும் குடும்ப வழியாக வந்ததல்ல.

பரம்பரை நோயையும் பிறவி நோயையும் குழப்பிக்கொண்டது பாமர மக்கள் மட்டும் அல்ல. மருத்துவ உலகமும் ஒருகாலத்தில் இதே குழியில் விழுந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவ நூல்களில் 'பரம்பரை சிபிலிஸ்' என்ற நோய்ப்பெயர் சர்வசாதாரணமாக வரும். சிபிலிஸோடு பிறக்கும் குழந்தைகளைப் பார்த்து, கெட்ட ரத்தம் தலைமுறை தலைமுறையாக இறங்குகிறது என்று நம்பினார்கள். 1905இல் பெர்லினில் ஷாடினும் ஹாஃப்மனும் அந்த நோயின் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். தாயின் ரத்தத்தில் இருக்கும் கிருமி நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையைத் தொற்றுகிறது என்பது பிறகு தெளிவானது. இன்று கர்ப்ப காலத்தின் தொடக்கத்திலேயே ரத்தப் பரிசோதனை செய்து, தொற்று இருந்தால் தாய்க்குப் பென்சிலின் ஊசி போட்டுக் குழந்தையைக் காப்பாற்றுகிறார்கள். பரம்பரைச் சாபம் என்று கருதப்பட்ட ஒன்று, ஊசியால் தடுக்கக்கூடிய தொற்றாக ஆயிற்று.

சிட்னியின் கண் மருத்துவர்

பிறவிக் குறை என்றால் மரபுதான் என்ற நம்பிக்கைக்கு மிகப் பெரிய அடி விழுந்தது 1941இல். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவரிடம், கண்புரையோடு பிறந்த குழந்தைகள் வழக்கத்துக்கு மாறாக அடுத்தடுத்து வந்தன. முதியவர்களுக்கு வரும் கண்புரை, பிறந்த குழந்தைகளின் இரு கண்களிலும். பல குழந்தைகளுக்கு இதயக் குறையும் இருந்தது. ஒரே பருவத்தில், ஒன்றுக்கொன்று உறவில்லாத இத்தனை குடும்பங்களில், ஒரே மரபுக் கோளாறு எப்படித் திடீரென முளைக்கும்?

கிரெக் தாய்மார்களின் பேச்சுக்குக் காது கொடுத்தார். கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் தங்களுக்கு ஜெர்மன் தட்டம்மை, அதாவது ரூபெல்லா, வந்துபோனதாக அவர்கள் சொன்னார்கள். 1940இல் ஆஸ்திரேலியாவில் அந்தக் காய்ச்சல் பெரிதாகப் பரவியிருந்தது. சக மருத்துவர்களிடமும் கேட்டு 78 குழந்தைகளின் விவரங்களைத் திரட்டினார். அவர்களில் 68 பேரின் தாய்மாருக்குக் கர்ப்ப காலத்தில் ரூபெல்லா வந்திருந்தது. இரண்டு மூன்று நாள் லேசான காய்ச்சலும் தடிப்புமாகப் போய்விடும் ஒரு வைரஸ், கருவின் கண்ணையும் இதயத்தையும் குலைக்கும் என்பதை அன்று பலரால் நம்ப முடியவில்லை. தொடர்ந்து வந்த ஆய்வுகள், காது கேளாமையும் இதனால் வருகிறது என்று காட்டி, கிரெக் சொன்னதை உறுதி செய்தன.

1964–65இல் அமெரிக்காவில் ரூபெல்லா பரவியபோது, ஏறத்தாழ 20,000 குழந்தைகள் அதன் பாதிப்போடு பிறந்தன. 1969இல் அங்கே தடுப்பூசி பயன்பாட்டுக்கு வந்தது. வடக்கு, தென் அமெரிக்கக் கண்டங்களில் ரூபெல்லா ஒழிக்கப்பட்டதாக 2015இல் அறிவித்தார்கள். இந்தியாவில் தட்டம்மையோடு ரூபெல்லாவையும் சேர்த்துத் தடுக்கும் எம்.ஆர். தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் தொடங்கியது. முதல் கட்டத்திலேயே தமிழ்நாடும் இருந்தது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையிலான பிள்ளைகளுக்கு, பெரும்பாலும் பள்ளிகளிலேயே ஊசி போட்டார்கள். சின்னக் காய்ச்சலுக்கு எதற்கு ஊசி என்று அப்போது பல பெற்றோர் தயங்கினார்கள். அந்த ஊசி காப்பாற்றுவது போட்டுக்கொள்ளும் பிள்ளையை மட்டும் அல்ல. பல ஆண்டுகள் கழித்துப் பிறக்கப்போகும் குழந்தையின் கண்ணையும் காதையும் இதயத்தையும் அது காப்பாற்றுகிறது.

மூன்றாம் வாரம் முதல் எட்டாம் வாரம் வரை

ஒரே வைரஸ் ஒரு குழந்தையின் கண்ணைப் பாதித்து இன்னொன்றை விட்டுவிடுவது ஏன்? விடை கருவின் வளர்ச்சி அட்டவணையில் இருக்கிறது. உறுப்புகள் பெரும்பாலும் கருத்தரித்த மூன்றாம் வாரத்துக்கும் எட்டாம் வாரத்துக்கும் இடையே உருவெடுக்கின்றன. மூளையும் தண்டுவடமும் ஆகவேண்டிய நரம்புக்குழல் 28ஆம் நாளுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். இதயம் ஏறத்தாழ 22ஆம் நாளில் துடிக்கத் தொடங்கிவிடுகிறது. மேல் உதட்டின் பகுதிகள் ஆறாம், ஏழாம் வாரங்களில் ஒன்றுசேர்கின்றன. எந்த நாளில் இடையூறு வருகிறதோ, அந்த நாளில் உருவாகிக்கொண்டிருக்கும் உறுப்பு பாதிக்கப்படும்.

இதை உலகுக்குக் கொடுமையாகக் கற்பித்தது தாலிடோமைடு. 1957இல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மாத்திரையாக விற்பனைக்கு வந்த இதை, கர்ப்பிணிகள் மசக்கை வாந்திக்கும் எடுத்துக்கொண்டார்கள். 1961இல் ஹாம்பர்க் நகரின் மருத்துவர் விடுகுண்ட் லென்ஸும் சிட்னியின் மருத்துவர் வில்லியம் மெக்பிரைடும் தனித்தனியே எச்சரித்து, மாத்திரை திரும்பப் பெறப்படுவதற்குள், உலகெங்கும் 10,000க்கு மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறுகியோ இல்லாமலோ பிறந்துவிட்டன. கருத்தரித்து ஏறத்தாழ 20 முதல் 36 நாட்களுக்குள் மாத்திரை உட்கொண்ட தாய்மாரின் குழந்தைகளே பாதிக்கப்பட்டன. அந்த இடைவெளிக்குப் பிறகு உட்கொண்டவர்களின் குழந்தைகளுக்குக் கைகால் குறை நேரவில்லை. அமெரிக்காவில் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலர் ஃபிரான்சஸ் கெல்சி, பாதுகாப்புக்குப் போதிய சான்று இல்லை என்று அனுமதி மறுத்து உறுதியாக நின்றதால், அங்கே அந்த மாத்திரை அப்போது சந்தைக்கே வரவில்லை.

இந்த அட்டவணையில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. நரம்புக்குழல் மூடாமல் போவதால் வரும் முதுகுத்தண்டுப் பிளவைப் பெருமளவு தடுக்க முடியும் என்பதை 1991இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு நிறுவியது. ஏற்கெனவே அத்தகைய குழந்தை பிறந்த பெண்கள், அடுத்த முறை கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டபோது, குறைபாடு மீண்டும் வருவது 72 சதவீதம் குறைந்தது. கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே என்பது இங்கே முக்கியம். நாள் தள்ளிப்போய், பரிசோதித்து, மருத்துவரைப் பார்த்து மாத்திரை வாங்குவதற்குள் நரம்புக்குழல் மூடும் நாள் பெரும்பாலும் கடந்துவிடுகிறது. அதனால்தான் கருத்தரிக்க எண்ணும் பெண்கள் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்ளும்படி சொல்கிறார்கள். முன்பு பாதிப்பு நேர்ந்த பெண்களுக்கு இன்னும் கூடுதல் அளவு வேண்டும். அதை மருத்துவர் முடிவு செய்வார்.

இதையும் தாயின் மீது பழி சுமத்தும் இன்னொரு ஆயுதமாக்கிவிடக் கூடாது. மாத்திரையைத் தவறாமல் எடுத்துக்கொண்டவர்களுக்கும் இந்தக் குறை நேர்வதுண்டு. எடுத்துக்கொள்ளாதவர்களில் மிகப் பெரும்பாலோர் நலமான குழந்தைகளையே பெறுகிறார்கள். மொத்தத்தில் பெரும்பாலான பிறவிக் குறைகளுக்கு, இதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்டவே முடிவதில்லை. கிரகணத்துக்கும் உதட்டுப் பிளவுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

உறவுத் திருமணம் பற்றி

மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று நெருங்கிய உறவில் மணமுடிப்பது அதிகமுள்ள இந்திய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. இதைப் பற்றி இரண்டு எல்லைகளில் பேசுகிறார்கள். ஒன்றும் ஆகாது என்பது ஒரு பக்கம். குழந்தை கட்டாயம் ஊனமாகப் பிறக்கும் என்பது மறுபக்கம். இரண்டுமே தவறு.

நம் ஒவ்வொருவரிடமும் குறையுள்ள மரபணுக்கள் சில இருக்கின்றன. ஒவ்வொரு மரபணுவிலும் நமக்கு இரண்டு பிரதிகள் இருப்பதால், ஒன்று பழுதானாலும் மற்றொன்று வேலையைப் பார்த்துக்கொள்கிறது. கணவன் மனைவி இருவரிடமும் ஒரே பழுது இருந்தால்தான், ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீத வாய்ப்பில் குழந்தைக்கு இரண்டு பிரதிகளும் பழுதாகக் கிடைக்கும். மாமன் மகளும் அத்தை மகனும் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கைப் பகிர்ந்துகொள்கிறார்கள். தாய்மாமனும் அக்காள் மகளும் நான்கில் ஒரு பங்கைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அதனால் ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. பிறந்தவுடன் தெரியும் பெரிய குறைபாடுகள் பொதுவாக நூற்றுக்கு இரண்டு மூன்று என்றால், மாமன் மகள் அத்தை மகன் உறவில் அது ஏறத்தாழ இருமடங்காகிறது. குறைத்துச் சொல்ல முடியாத கூடுதல் இது. ஆனால் அப்போதும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட குழந்தைகள் இத்தகைய குறையின்றியே பிறக்கின்றன. குறையோடு பிறக்கும் குழந்தைகளில் ஏராளமானோரின் பெற்றோருக்குள் எந்த ரத்த உறவும் இருப்பதில்லை. திருமணத்துக்கு முன்பே மரபியல் ஆலோசனை பெறுவது இந்த உண்மையை எதிர்கொள்ளும் முறை. மருமகளைக் குற்றவாளியாக்குவது அல்ல.

பிறந்த அன்று தெரியாதது

பிறவிக் குறை என்றால் பிறந்ததும் கண்ணுக்குத் தெரியும் என்பது இன்னொரு தவறான எண்ணம். இதயத்தின் பெருந்தமனி வால்வில் மூன்று இதழ்கள் இருக்க வேண்டும். நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு இரண்டே இதழ்கள். பலருக்கு இது ஐம்பது வயதுக்கு மேல் மூச்சு வாங்கும்போதுதான் தெரியவருகிறது. ஐம்பது வயதில் கண்டாலும் அது பிறவிக் குறைதான். மறுபுறம், பிறந்த சில நாட்களில் தெரிவதெல்லாம் பிறவிக் குறை அல்ல. பிரசவத்தின்போது மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்படுவதும், தோள் சிக்கிக் கை நரம்பு அடிபடுவதும் பிறக்கும் நேரத்தில் ஏற்பட்ட காயங்கள்.

மறைந்திருக்கும் குறைகளில் சில ஆபத்தானவை. கருப்பையில் குழந்தையின் நுரையீரல் மூச்சுவிடுவதில்லை என்பதால், ரத்தம் அதைத் தவிர்த்துச் செல்ல ஒரு சிறு இணைப்புக் குழாய் இருக்கிறது. பிறந்த சில நாட்களில் அது தானாக மூடிக்கொள்ளும். கடுமையான இதயக் குறையுள்ள சில குழந்தைகளுக்கு அந்தக் குழாய்தான் உயிர்நாடி. அது திறந்திருக்கும் வரை குழந்தை பால் குடித்து, தூங்கி, நலமாகவே தோன்றும். வீட்டுக்கு அனுப்பிய பிறகு குழாய் மூடும்போது திடீரெனச் சரியும். கொரோனா காலத்தில் வீடுதோறும் விரலில் மாட்டிப் பார்த்தோமே, அந்த வகைப் பல்ஸ் ஆக்சிமீட்டரைக் குழந்தையின் வலது கையிலும் ஒரு பாதத்திலும் வைத்துப் பார்த்தால், இப்படிப்பட்ட பல குழந்தைகளை முன்கூட்டியே இனங்காண முடியும். குழாயை மூடாமல் வைக்க மருந்து இருக்கிறது. அதன்பின் அறுவை சிகிச்சைக்கு அவகாசம் கிடைக்கும்.

தைராய்டு இன்னும் நுட்பமாக மறைகிறது. தாயின் தைராய்டு ஹார்மோன் ஓரளவு நஞ்சுக்கொடி வழியே வந்துவிடுவதால், சுரப்பியே உருவாகாத குழந்தைகூட இயல்பாகவே பிறக்கும். பிறகு மெல்ல மெல்லச் சோர்வு, மலச்சிக்கல், போகாத மஞ்சள் காமாலை. "சமர்த்துக் குழந்தை, அழறதே இல்லை" என்று வீட்டில் மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே மூளை வளர்ச்சி பின்தங்கிக்கொண்டிருக்கும். குதிகாலில் ஒரு துளி ரத்தம் எடுத்துத் தாளில் ஒற்றிப் பரிசோதித்தால் போதும், இதைக் கண்டுபிடித்துவிடலாம். பிறந்த உடனே ஹார்மோன் அளவு இயல்பாகவே எகிறும் என்பதால் இரண்டு மூன்று நாள் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 1970களில் கனடாவின் கியூபெக்கில் ழான் துசோ தொடங்கிவைத்த இந்தப் பரிசோதனை இன்று பல நாடுகளில் எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டாயம். இரண்டு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்கிவிட்டால் குழந்தை மற்றவர்களைப் போலவே அறிவு வளர்ச்சி பெறும். சிகிச்சை என்பது தினமும் ஒரு சிறு மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கலந்து கொடுப்பதுதான். இந்தியாவில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு இந்தக் குறை இருக்கிறது. இவ்வளவு எளிய பரிசோதனை நம் நாட்டில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இன்னும் கிடைக்காதது பெரும் அநீதி.

பிறவியில் வந்தது சாகும்வரை போகாதா?

'பிறவிக்குணம்' என்று பேசிப் பழகிய நமக்குப் பிறவி என்றாலே மாற்ற முடியாதது என்ற எண்ணம் ஊறிவிட்டது. மருத்துவத்தின் அனுபவம் வேறு. ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு வரும் வளைபாதத்தை அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இக்னாசியோ போன்செட்டி பெரிய அறுவை சிகிச்சை இல்லாமலே நிமிர்த்திக் காட்டினார். வாரத்துக்கொரு முறை பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி மாவுக்கட்டு போடுவது, ஐந்தாறு கட்டுக்குப் பிறகு குதிகால் தசைநாரில் ஒரு சிறு வெட்டு, பின் நான்கு வயது வரை இரவில் சிறப்புக் காலணி. பிறந்த சில வாரங்களில் தொடங்கினால் பெரும்பாலான குழந்தைகள் ஓடி விளையாடுகிறார்கள்.

இதயக் குறையால் உதடும் உடலும் நீலம் பாரித்துப் பிறக்கும் குழந்தைகளுக்கு 1944 வரை வழியே இல்லை. அந்த ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஆல்ஃபிரட் பிளாலாக் செய்த அறுவை சிகிச்சை அதை மாற்றியது. நுரையீரலுக்குக் கூடுதல் ரத்தம் அனுப்ப வேண்டும் என்ற யோசனை குழந்தைகள் இதய மருத்துவர் ஹெலன் டாசிக்குடையது. விலங்குகளில் அதைச் செய்து பழகி, அன்று அறுவை மேசை அருகே நின்று வழிகாட்டியவர் பிளாலாக்கின் உதவியாளர் விவியன் தாமஸ். கறுப்பினத்தவர் என்பதால் அவருக்குரிய அங்கீகாரம் பல ஆண்டுகள் தாமதமாகவே கிடைத்தது. இதே டாசிக்தான் 1962இல் ஜெர்மனிக்குப் போய்த் தாலிடோமைடு குழந்தைகளைப் பார்த்துவந்து அமெரிக்க மருத்துவர்களை எச்சரித்தார். பிறவிக் குறையைச் சரிசெய்வதும் வராமல் தடுப்பதும் ஒரே அக்கறையின் இரு பகுதிகள் என்பதற்கு அவருடைய வாழ்க்கை சான்று.

இந்தச் சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்வது பணத்தையும் பாதிக்கும். மருத்துவக் காப்பீட்டுப் பத்திரங்களில் பிறவிக் குறைபாடுகளை, வெளியே தெரிபவை, உடலுக்குள் இருப்பவை என இரண்டாகப் பிரித்திருப்பார்கள்; இரண்டுக்கும் விதிகள் வேறாக இருக்கலாம். மரபணு நோய் என்பது வேறு வகை. மரபணு நோய் என்ற பொதுப் பெயரைச் சொல்லி ஒட்டுமொத்தமாகக் காப்பீடு மறுப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. கையெழுத்திடும் முன் இந்தப் பகுதியைப் படிப்பது நல்லது.

ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறை என்று மருத்துவர் சொன்னால், யார் வழியில் வந்தது என்று உறவினர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்வதை விட்டு, மருத்துவரிடம் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். காரணம் தெரிந்த குறையா? மரபணுப் பரிசோதனை தேவையா? அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு எவ்வளவு? சிகிச்சையை எந்த நாளுக்குள் தொடங்க வேண்டும்? 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், பிறந்தது முதல் 18 வயது வரை அரசு சார்பில் இலவசப் பரிசோதனையும் மேல்சிகிச்சைக்கான வழியும் உண்டு. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடமோ அரசு மருத்துவமனையிலோ கேட்டுப் பெறலாம். நான்கு கேள்விகளில் கடைசிக் கேள்விதான் அவசரமானது. தைராய்டுக்கு இரண்டு வாரம், வளைபாதத்துக்குச் சில வாரங்கள், சில இதயக் குறைகளுக்குச் சில நாட்கள் மட்டுமே அவகாசம். பழி யாருடையது என்ற பேச்சில் கழியும் ஒவ்வொரு நாளும் குழந்தையின் அந்த அவகாசத்திலிருந்துதான் போகிறது.